அயர்ன் மாத்திரை நாலு மாசம் போட்டும் அம்மாவுக்கு எச்பி ஏறல, எங்க தப்பு நடக்குது?

தறிச்சத்தம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கம்மா விஷயம், கொஞ்சம் நீளமாத்தான் எழுத வேண்டியிருக்கு, பொறுமையா படிச்சு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அம்மாவுக்கு 51 வயசு. ஈரோடு பக்கம் விசைத்தறி ஓட்டறாங்க, காலைல ஏழு மணிக்கு பட்டறைக்குள்ள போனா சாயங்காலம் ஆறு வரைக்கும் நின்ன காலுதான். பொங்கலுக்கு முன்னால இருந்தே படி நாலு ஏறினா மூச்சு வாங்குது, அந்துபோன நூலை குனிஞ்சு முடிச்சுப் போட்டு நிமிந்தா கண்ணு இருட்டுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, நான்தான் வெயில்ல நின்னிருப்பீங்கன்னு விட்டுட்டேன், அப்புறம் டெஸ்ட் எடுத்தா எச்பி (ஹீமோகுளோபின்) 8.1. டாக்டர் அயர்ன் 100 எம்ஜி மாத்திரை தினம் ஒண்ணு எழுதினாரு. நாலு மாசம் ஒருநாள் விடல, அட்டை தீர்றதுக்கு முன்னாடி நானே வாங்கி வெச்சிருவேன். போன வாரம் திரும்ப எடுத்தா 8.4. நாலு மாசத்துக்கு 0.3 தான் ஏறியிருக்கு. டாக்டர்கிட்ட கேட்டா இன்னும் ரெண்டு மாசம் கன்டினியூ பண்ணுங்கன்னு சொல்லிட்டாரு, கூட்டம் ஜாஸ்தி, மேல கேக்க முடியல.

மத்த மாத்திரையும் சொல்லிடறேன். தைராய்டுக்கு 50, சுகருக்கு மெட்ஃபார்மின் 500 காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு (ஒம்போது வருஷமா), நெஞ்செரிச்சலுக்கு பான்டாப்ரசோல் ரெண்டு வருஷமா, கால் வலிக்கு கால்சியம் 500 வைட்டமின் டி3 சேந்தது, அதோட இந்த அயர்ன். காலைல பட்டறைக்கு கிளம்பற அவசரத்துல எல்லாத்தையும் ஒரு தைல டப்பா மூடில கொட்டி ஒரே வாயில போட்டு டீயில முழுங்கிருவாங்க. டீ இல்லாம மாத்திரை இறங்காதுன்னு சொல்லுவாங்க. அப்புறம் பட்டறைல தூக்குல வர்ற டீ நாலு தடவை.

சாப்பாடு குறை இல்லைங்க. கேழ்வரகு களி, கம்மங்கூழ், கீரை, பருப்பு எல்லாம் உண்டு. அப்பா தவறினதுல இருந்து கறி மீன் முட்டை எதுவும் தொடறதில்ல, பதினோரு வருஷம் ஆச்சு. மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் ஆகுது, அதுக்கு முன்னாடி மூணு வருஷம் ரொம்ப அதிகமா போயிட்டு இருந்துச்சு.

மாத்திரை கம்பெனி மட்டமா இருக்குமோ? ஊசியா போட்டா ஏறுமா? சித்தி தினம் பீட்ரூட் ஜூஸ் குடுன்னு சொல்றாங்க. எதை நம்பறதுன்னே தெரியல, தயவு செஞ்சு சொல்லுங்க.

மருந்துக்கடை_22 பதில்:

தங்கச்சி, 22 வருஷமா மெடிக்கல் கடை வெச்சிருக்கேன், நீங்க எழுதுன அந்த தைல டப்பா மூடிலதான் பாதி பிரச்சனை கெடக்கு. கம்பெனி மேல தப்பில்ல. நல்ல மாத்திரையவே எதிரிங்களோட ஒரே பஸ்ல ஏத்தி விடுறீங்க.

மொதல்ல டீ. டீயில இருக்கற டானின் இரும்ப புடிச்சு கட்டிரும், கட்டுனது குடல்ல ஏறாது, அப்படியே மலத்துல போயிரும். 1983ல அமெரிக்கால ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஹாம்பர்கர் சாப்பாட்டோட ஒரு கப் காபி குடுத்தா அதுல இருக்கற இரும்பு ஏறறது 39 சதவீதம் கொறஞ்சுது, அதே எடத்துல டீ குடுத்தா 64 சதவீதம். இன்னொரு விஷயம் நெறைய பேருக்கு தெரியாது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காபி குடிச்சா ஒண்ணும் ஆகல, ஆனா சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குடிச்சப்போ கூடவே குடிச்ச அளவுக்கே கொறஞ்சுது, ஏன்னா சாப்பாடு இன்னும் வயித்துலதான இருக்கு. நம்மாளுக சாப்பிட்ட கையோட டீ குடிக்கிறதுதான் வழக்கம், அதான் மோசம். அது சாப்பாட்டு இரும்புக்கு பாத்த கணக்கு, ஆனா மாத்திரையையும் தண்ணியிலதான் போடணும், டீயில கூடாது.

ரெண்டாவது கால்சியம். 300லருந்து 600 எம்ஜி கால்சியம் அதே நேரத்துல உள்ள போனா இரும்பு ஏறறது பாதிக்கு மேல கொறையுதுன்னு பாத்திருக்காங்க. அதுக்காக கால்சியமே வேணாம்னு அர்த்தம் இல்ல, மாசக்கணக்குல பாத்தா ஒடம்பு ஓரளவு சரிக்கட்டிக்குது, ஆனா எச்பி எட்டுல இருக்கற ஆளுக்கு அந்த நஷ்டத்த ஏன் குடுக்கணும், ரெண்டு மணி நேரம் தள்ளி போட்டா போச்சு.

மூணாவது பான்டாப்ரசோல். நாம சாப்பிடற தானியம் கீரைல இருக்கற இரும்பு கரையறதுக்கு வயித்துல அமிலம் வேணும், அந்த மாத்திரையோட வேலையே அமிலத்த நிறுத்துறது. உங்க கால்சியம் மாத்திரை கார்பனேட் வகையா இருந்தா அதுக்கும் அமிலம் வேணும், அதனாலதான் அத சாப்பாட்டோட போடச் சொல்றோம். ரெண்டு வருஷமா பான்டாப்ரசோல் ஓடுதுன்னா இன்னும் தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்திராதீங்க.

நாலாவது தைராய்டு மாத்திரை. இது தலைகீழ், இங்க கெட்டுப்போறது தைராய்டு மாத்திரை. இரும்பும் கால்சியமும் அத புடிச்சு வெச்சுக்கும், அதனால அந்த ரெண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி கட்டாயம் வேணும். அம்மாவுக்கு டிஎஸ்எச் (தைராய்டு ரத்த டெஸ்ட்) கடைசியா எப்ப பாத்தீங்க? அசதி அதுலருந்தும் வரலாம்.

இப்படி பிரிச்சுப் பாருங்க. எந்திரிச்ச ஒடனே வெறும் வயித்துல தைராய்டு, தண்ணியில. ஒரு மணி நேரம் கழிச்சு டீ. டிபனோட மெட்ஃபார்மின். டிபன் முடிஞ்சு ரெண்டரை மணி நேரம் கழிச்சு, பதினொரு மணி வாக்குல அயர்ன், தண்ணியில. மதியம் ஒண்ணரைக்கு சோத்தோட கால்சியம். பதினொரு மணிக்கு பட்டறை டீ வரும்ல, அத மட்டும் விடச் சொல்லுங்க. வயித்தப் பிரட்டுனா கொஞ்சமா எதாவது சாப்பிட்டு போடலாம், பால் மட்டும் வேணாம்.

தறிச்சத்தம்:

அண்ணா ரொம்ப நன்றிங்க, ஒருத்தர் கூட இத சொல்லல. டிஎஸ்எச் எட்டு மாசத்துக்கு முன்னாடி பாத்ததுங்க, நாளைக்கே எடுக்கறேன்.

நுண்ணோக்கி பதில்:

சகோதரி, நான் லேப்ல இருக்கேன். அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா நீங்க எச்பி மட்டும் சொல்லியிருக்கீங்க. அதே ரிப்போர்ட்ல எம்சிவி, ஆர்டிடபிள்யூன்னு ரெண்டு வரி இருக்கும், அதையும் பிளேட்லெட்டும் போடுங்க. ஃபெரிட்டின், பி12 எப்பவாவது பாத்தீங்களா? இன்னொண்ணு, அம்மாவுக்கு கை கால் மரத்துப் போகுதா, நடக்கும்போது தடுமாறுதான்னு கேட்டுச் சொல்லுங்க.

தறிச்சத்தம்:

எம்சிவி 85, பக்கத்துல நார்மல்னு இருக்கு. ஆர்டிடபிள்யூ 22, அதுல ஒரு மேல் அம்புக்குறி. பிளேட்லெட் 1.6 லட்சம். ஃபெரிட்டின் 7. பி12 பாத்ததே இல்லைங்க.

நீங்க கேட்டதும் அம்மாகிட்ட கேட்டேன். பாதம் ரெண்டும் பஞ்சு மேல நிக்கற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க, ஒரு வருஷமா இருக்குதாம், சுகர்னால வர்றதுன்னு யாருகிட்டயும் சொல்லாம இருந்திருக்காங்க. ரெண்டு தடவை பட்டறைல இருந்து வரும்போது ஒரு கால் செருப்பு கழண்டு போனதே தெரியாம வீடு வரைக்கும் வந்திருக்காங்க. எனக்கு இது இன்னைக்குத்தான் தெரியும், மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

நுண்ணோக்கி:

கவலப்படாதீங்க, இப்பவாவது கேட்டீங்களே. உங்க ரிப்போர்ட்ல அந்த நார்மல்ங்கற வார்த்தைய நம்பாதீங்க, நான் ஏன் சொல்றேன்னு பாருங்க.

எம்சிவின்னா ஒரு சிவப்பணுவோட சராசரி சைஸ். இரும்பு பத்தலன்னா அணு சின்னதாகும், எழுபது அறுபதுன்னு எறங்கும். பி12 பத்தலன்னா அணு பெருசாகும், நூறுக்கு மேல ஏறும். உங்கம்மாவுக்கு ஃபெரிட்டின் 7, அதாவது இரும்பு கையிருப்பு கிட்டத்தட்ட காலி, அப்போ எம்சிவி நல்லா எறங்கியிருக்கணும், ஆனா 85 காட்டுது. ரெண்டு குறையும் ஒண்ணா இருந்தா கொஞ்சம் அணு சின்னது கொஞ்சம் அணு பெருசு, சராசரி எடுத்தா நடுவுல வந்து நார்மல்னு விழும். அத காட்டிக் குடுக்கறதுதான் அந்த ஆர்டிடபிள்யூ, அது அணுக்களுக்குள்ள சைஸ் எவ்வளவு வித்தியாசப்படுதுங்கற அளவு, 22 ரொம்ப அதிகம். ஸ்லைடு போட்டுப் பாத்தா கண்ணுக்கே தெரியும், வெளிறிப்போன பொடி அணுவுக்குப் பக்கத்துல முட்டை மாதிரி பெரிய அணு நிக்கும். அயர்ன் மாத்திரையால எம்சிவி கொஞ்சம் ஏறியிருக்கலாம்னு வாதம் பண்ணலாம்தான், ஆனா எச்பி ஏறலையே, அதனால எனக்கு பி12 மேலதான் சந்தேகம்.

பி12 ஏன் கொறையணும்? மூணு காரணமும் உங்க கேள்வியிலயே இருக்கு. பதினோரு வருஷமா கறி மீன் முட்டை இல்ல, பி12 அசைவத்துலயும் பால்லயும்தான் இருக்கு, கல்லீரல்ல வருஷக்கணக்குக்கு சேத்து வெச்சிருக்கறதால உடனே தெரியாது. அப்புறம் பான்டாப்ரசோல், சாப்பாட்டுல இருந்து பி12 பிரியறதுக்கும் அமிலம் வேணும். அப்புறம் மெட்ஃபார்மின் ஒம்போது வருஷம். இங்கதான் ஒரு விஷயம், சிறுகுடலோட கடைசில பி12 உள்ள ஏறறதுக்கு கால்சியம் பக்கத்துல இருக்கணும், மெட்ஃபார்மின் அந்த கால்சியம் வேலையைத்தான் கெடுக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. பாருங்க, மேல இரும்புக்கு எதிரியா இருந்த அதே கால்சியம் கீழ பி12க்கு தோள் குடுக்குது. அதனாலதான் இது நல்லது அது கெட்டதுன்னு ஒத்த வார்த்தைல சொல்ல முடியறதில்ல.

இன்னொரு முக்கியமான விஷயம். உங்க அயர்ன் அட்டையத் திருப்பிப் பாருங்க, அநேகமா போலிக் ஆசிட் 1.5 எம்ஜி சேந்திருக்கும். போலிக்கும் பி12ம் ரத்தம் உண்டாக்கறதுல கூட்டாளிங்க. பி12 இல்லாம போலிக் மட்டும் அதிகமா குடுத்தா ரத்தம் கொஞ்ச நாளைக்கு தேறற மாதிரி காட்டும், ஆனா நரம்புக்கு பி12 தனியா வேணும், அந்தப் பக்கம் சேதம் சத்தமில்லாம நடந்துட்டே இருக்கும். பாதம் மரத்துப் போறத இனி ஒருநாள் கூட தள்ளிப் போடாதீங்க. சுகராலயும் இருக்கலாம், ஆனா பி12 பாக்காம சுகர்னு முடிவு கட்டக் கூடாது. நரம்பு விஷயத்துல தாமதம் பண்ணா திரும்ப வராம போயிரும்.

அதோட மாதவிலக்கு நின்னவங்களுக்கு ஃபெரிட்டின் 7ன்னா, பழைய ரத்தப்போக்குதான் காரணமா இருக்கும்னாலும் வயித்துல குடல்ல எங்கயாவது கசிவு இருக்கான்னு கட்டாயம் பாக்கணும். மலம் டெஸ்ட்ல ஆரம்பிச்சு, எண்டோஸ்கோபி வேணுமான்னு டாக்டர் சொல்லட்டும்.

கேழ்வரகுக்காரி பதில்:

ஊட்டச்சத்து பாடம் எடுக்கறவ நான், சாப்பாட்டுப் பக்கம் மட்டும் சொல்றேன்.

சாப்பாடு குறை இல்லன்னு எழுதியிருந்தீங்க. கேழ்வரகு, கம்பு, கீரை, பருப்பு, எல்லாமே நல்ல சாப்பாடுதான், ஆனா சாப்பாட்டுல இருக்கறதும் ஒடம்புக்குள்ள போறதும் வேற வேற. தானியத்து தவிட்டுல பைட்டேட்னு ஒண்ணு இருக்கு, விதை தனக்குன்னு பாஸ்பரஸ் சேத்து வெச்சுக்கற வடிவம், அது இரும்பையும் ஜிங்க்கையும் கால்சியத்தையும் கெட்டியா பிடிச்சுக்கும். இது எவ்வளவு தூரம் போகும்னு உலகத்துக்குக் காட்டினவர் பீகார்ல பிறந்த ஆனந்த பிரசாத்னு ஒரு டாக்டர். 1958ல ஈரான்ல ஷிராஸ் ஊர்ல வேலை பாக்கும்போது அவர்கிட்ட 21 வயசு ஆள் ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்க, பாக்க பத்து வயசுப் பையன் மாதிரி இருந்தாரு, உடம்பு வளரல, பருவம் வரல, ரத்தம் சுத்தமா இல்ல. சாப்பாடு முழுக்க புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி, மண்ணு திங்கற பழக்கமும் இருந்துச்சு. அந்த மாதிரி இன்னும் பல பேர். இரும்புக் குறைனா ரத்தம் கொறையும், ஆனா வளர்ச்சி நிக்காதேன்னு அவர் யோசிச்சு, 1961ல இது ஜிங்க் குறையா இருக்கும்னு எழுதினாரு. அப்புறம் எகிப்துல அதே மாதிரி பசங்களுக்கு ஜிங்க் கொறைவா இருக்கறத அளந்தே காட்டினாங்க, ஜிங்க் குடுத்ததும் வளந்தாங்க. மனுஷனுக்கு ஜிங்க் குறை வரும்னே அதுக்கு முன்னாடி யாரும் நம்பல. அந்த ரொட்டியில ஜிங்க் இல்லாம இல்ல, பைட்டேட் விடல.

நம்ம பாட்டிங்க கையில இதுக்கு வழி இருந்துச்சு. ஊற வைக்கறது, முளை கட்டறது, புளிக்க வைக்கறது, இந்த மூணும் பைட்டேட்ட உடைக்கும். அதனால அம்மாவுக்கு கேழ்வரகு களி கிண்டறதுக்கு பதிலா முளைகட்டின கேழ்வரகு மாவு, இல்லன்னா ராத்திரியே கரைச்சு புளிக்க வெச்ச கூழ் குடுங்க. கம்மங்கூழ் நல்லா புளிச்சிருந்தா பிரச்சனை இல்ல. இட்லி மாவும் அப்படித்தான். பச்சைப்பயறு முளைகட்டி குடுங்க, முளை விட்டா வைட்டமின் சியும் கொஞ்சம் வந்துரும்.

வைட்டமின் சி ஏன்னா, தாவரத்து இரும்பு பெரும்பாலும் ஏறாத வடிவத்துல இருக்கும், சி அத ஏறற வடிவத்துக்கு மாத்தி கரைஞ்ச நிலையிலயே வெச்சிருக்கும், டானின் பைட்டேட் பிடியையும் ஓரளவு தளத்தும். ஆனா அதே வேளை சாப்பாட்டுலயே இருக்கணும், காலைல நெல்லிக்காய் தின்னுட்டு ராத்திரி கீரை சாப்பிட்டா பிரயோஜனம் இல்ல. சூடு பட்டா சி அழிஞ்சுரும், அதனால எலுமிச்சம்பழத்த அடுப்ப அணைச்சு, கொஞ்சம் ஆறினதும் பிழியணும். பாதி கொய்யா போதும், 100 கிராம் கொய்யாவுல 200 எம்ஜி சி இருக்கு, எங்க வீட்ல மதியம் தட்டு ஓரத்துல ரெண்டு துண்டு இருக்கும், பசங்க அத மொதல்ல எடுத்துருவாங்க.

பீட்ரூட் பத்தி. கலர்தான் ரத்தம் மாதிரி, 100 கிராம்ல ஒரு எம்ஜி இரும்பு கூட தேறாது. சித்தி பாசத்துல சொல்றாங்க, குடிக்கறதுல தப்பில்ல, அதுலயே நம்பி இருக்கக் கூடாது. பாலக்கீரையும் அப்படித்தான், கால்சியம் இருக்கு ஆனா கீரைல இருக்கற ஆக்சலேட்ங்கற பொருள் அத ஏற விடாது, பால்ல இருக்கற கால்சியம் நூத்துக்கு இருபத்தேழு முப்பது ஏறினா பாலக்ல அஞ்சுதான் ஏறும்.

வைட்டமின் ஏ பத்தி யாரும் பேசறதில்ல. ஏ கொறைஞ்சா கையிருப்புல இருக்கற இரும்பு வெளிய வராது, ரத்தம் ஊறற எடத்துக்கு போகாது. இந்தோனேசியாவுல மேற்கு ஜாவால கர்ப்பிணிங்களுக்கு நடத்தின ஆராய்ச்சி 1993ல வந்துச்சு, ரத்தசோகை சரியானவங்க ஏ மட்டும் குடுத்தவங்கள்ல 35 சதவீதம், இரும்பு மட்டும் குடுத்தவங்கள்ல 68, ரெண்டும் சேத்து குடுத்தவங்கள்ல 97. அதுக்காக ஏ மாத்திரை வாங்கப் போகாதீங்க, அது மிஞ்சினா விஷம், முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய் போதும், ஆனா ஒரு ஸ்பூன் எண்ணெயாவது இருக்கணும், ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்புல ஏறறது, எண்ணெயே இல்லாம அவிச்சு சாப்பிட்டா பாதி வீண்.

வடகரை பதில்:

கேழ்வரகுக்காரி மேடம் சொன்னதுல ஒண்ணு சேக்கணும். சி சாப்பாட்டு இரும்புக்கு உதவும், அதுல சந்தேகமில்ல, ஆனா அயர்ன் மாத்திரையோட சி மாத்திரையும் வாங்கித்தான் ஆகணும்னு கடைக்காரங்க தலைல கட்டறாங்களே அது தேவையில்ல. ஷாங்காய்ல 440 பேருக்கு இரும்பு மட்டும், இரும்போட சின்னு பிரிச்சுக் குடுத்துப் பாத்தாங்க, 2020ல வந்துச்சு, எச்பி ஏறினதுல வித்தியாசமே இல்ல. மாத்திரைல இரும்பு ஏறற வடிவத்துல, அதிக அளவுல ஏற்கனவே இருக்கு. காசு மிச்சம்.

அப்புறம் தினம் போடறதா ஒருநாள் விட்டு ஒருநாளாங்கறது. நம்ம உடம்புக்கு இரும்ப வெளிய தள்ற வழி கெடையாது, அதனால உள்ள விடற வாசல்லதான் காவல். கல்லீரல்ல ஹெப்சிடின்னு ஒண்ணு சுரக்கும், ஒரு மாத்திரை போட்டதும் அது ஏறி ஒருநாள் வரைக்கும் வாசல சாத்தும், அடுத்தநாள் போடற மாத்திரை பூட்டின கதவுல போய் முட்டும். சூரிச்ல 2017ல இரும்பு கம்மியா இருந்த பொண்ணுங்கள்ல பாத்தாங்க, தினம் போட்டவங்களுக்கு 16 சதவீதம் ஏறுச்சு, ஒருநாள் விட்டு போட்டவங்களுக்கு கிட்டத்தட்ட 22. வயித்து எரிச்சலும் கொறையும். ஆனா எச்பி எட்டுல இருக்கறவங்களுக்கு டாக்டர் கேட்டுட்டுத்தான் மாத்தணும்.

என் சொந்த அனுபவம் ஒண்ணு, எல்லாரும் படிங்க. கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு ஜிங்க் 50 எம்ஜி ஆரம்பிச்சேன், நல்லதுதானேன்னு ஒண்ணரை வருஷம் யாரையும் கேக்காம போட்டேன். கடைசில எச்பி 9, வெள்ளை அணுவும் கொறைஞ்சு போச்சு. இரும்பு நார்மல், பி12 நார்மல், எலும்பு மஜ்ஜை டெஸ்ட் வரைக்கும் பேச்சு வந்துருச்சு, வீட்ல எல்லாரும் பயந்து போனோம். வயசான ஒரு டாக்டர்தான் வேற என்ன மாத்திரை சாப்பிடறன்னு பையையே கொட்டச் சொல்லிப் பாத்தாரு. ஜிங்க் அதிகமா போனா குடல் செல்லுக்குள்ள ஒரு புரதம் பெருகும், அது காப்பர புடிச்சு வெச்சுக்கும், மூணு நாலு நாள்ல அந்த செல் உதிரும்போது காப்பரும் சேந்து வெளிய போயிரும். காப்பர் இல்லாம இரும்பு கையிருப்புல இருந்து கெளம்பாது. ஜிங்க நிறுத்தி காப்பர் குடுத்தாங்க, மூணு மாசத்துல சரியாச்சு. வயசான டாக்டர் என் பையைக் கொட்டின மேஜை இன்னும் கண்ணுல நிக்குது, பதினாலு அட்டை இருந்துச்சு, அதுல டாக்டர் எழுதினது மூணுதான்.

பனைமரம்:

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். டி3 60,000 யூனிட் வாரம் ஒண்ணு டாக்டர் எட்டு வாரம் எழுதினது, நல்லா இருக்கேன்னு நானா ஏழு மாசமா போட்டுட்டு இருக்கேன், கால்சியமும் கூட. இதுல ஏதாச்சும் இருக்கா?

மருந்துக்கடை_22:

தம்பி இன்னைக்கே நிறுத்துங்க, ரத்தத்துல கால்சியமும் வைட்டமின் டி லெவலும் கிரியாட்டினினும் (கிட்னிக்கு பாக்கற டெஸ்ட்) பாருங்க. டியோட வேலையே கால்சியத்த உள்ள இழுக்கறது, டி இல்லன்னா சாப்பிடறதுல 10, 15 சதவீதம்தான் ஏறும், டி இருந்தா 30, 40. அளவு மீறிப் போச்சுன்னா ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னி வரைக்கும் போகும். வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி ஒண்ணுக்கு, தாகம் இருந்தா ஆஸ்பத்திரிக்கே போங்க. வாரம் ஒண்ண தினம் ஒண்ணுன்னு நெனச்சு சாப்பிட்டு வந்தவங்கள கூட நான் கடைல பாத்திருக்கேன், அதுல இருந்து அட்டை மேல பேனாவுல கிழமை எழுதாம குடுக்கறதில்ல. இன்னொண்ணு, டிய உடம்பு வேலை செய்யற வடிவத்துக்கு மாத்த மெக்னீசியம் வேணும், மெக்னீசியம் ரொம்ப எறங்கிட்டா கால்சியத்த எவ்வளவு குடுத்தாலும் ஏறாது. பான்டாப்ரசோல் வருஷக்கணக்குல போட்டாலும் மெக்னீசியம் எறங்கும், ஈரோட்டுத் தங்கச்சி, நீங்களும் அத ஒருதடவ பாத்துருங்க.

துணைசெவிலி:

ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பாக்கறேன். கர்ப்பிணிங்களுக்கு நாங்க சிவப்பு இரும்பு மாத்திரையும் கால்சியமும் ரெண்டும் குடுக்கறோம், குடுக்கும்போதே ரெண்டையும் சேத்து போடாதம்மான்னு சொல்லித்தான் குடுப்போம். ஆனா வீட்டுக்குப் போனதும் மாமியார் ஞாபகமா ரெண்டையும் பாலோட கையில குடுத்துருவாங்க, அக்கறைலதான். அதனால இப்பல்லாம் கூட வர்ற மாமியார உக்கார வெச்சு அவங்ககிட்டதான் சொல்றேன். மலம் கருப்பா போகும்னும் முன்னாடியே சொல்லிருவேன், இல்லன்னா பயந்து நிறுத்திருவாங்க.

தறிச்சத்தம், ஒம்போது வாரம் கழிச்சு:

எல்லாருக்கும் ஒரு தகவல் சொல்லணும்னு வந்தேனுங்க. அந்த வாரமே வேற ஒரு டாக்டர்கிட்ட நீங்க கேட்ட கேள்வியெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போனேன். பி12 பாத்தா 128, லேப்ல 200க்கு மேல இருக்கணும்னு போட்டிருக்கு. டிஎஸ்எச் 9 இருந்துச்சு, அதுவும் ஏறித்தான் இருந்திருக்கு. மலம் டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல, எண்டோஸ்கோபில லேசா புண் ஆறின தடம், ரத்தக்கசிவு இல்லன்னு சொன்னாங்க. பான்டாப்ரசோல டாக்டரே படிப்படியா நிறுத்தினாரு. பி12 ஊசி மொத ஒரு வாரம் தினமும், அப்புறம் வாரம் ஒண்ணு, இப்ப மாசம் ஒண்ணு.

மாத்திரை நேரத்த ஒரு அட்டைல எழுதி தறிக்கு எதிர்க்க செவுத்துல ஒட்டினேன். பதினொரு மணி டீய விடறதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, எல்லாரும் டம்ளர் எடுக்கும்போது அம்மா மட்டும் நிக்கணுமே. அப்புறம் பக்கத்து தறி அக்கா அம்மாவுக்குன்னு ஒரு பாட்டில் தண்ணி கொண்டு வர ஆரம்பிச்சாங்க, அந்த நேரத்துல மாத்திரைய அவங்களே எடுத்துக் குடுக்கறாங்க. இப்ப அந்த அக்காவும் எச்பி பாத்துருக்காங்க, 9.6, அதே பட்டறைல இன்னும் ரெண்டு பேரு பாக்கப் போறாங்க.

அம்மாவுக்கு நேத்து எடுத்தது 11.2. தறில இருந்து வந்து ஒக்காராம சோறு ஆக்கறாங்க. காலு இன்னும் முழுசா சரியாகல, ஆனா தரை சில்லுன்னு இருக்கறது தெரியுதுன்னு சொல்றாங்க, போன வாரம் வழியில செருப்பு கழண்டப்ப தெரிஞ்சு நின்னு போட்டுட்டு வந்தேன்னு சொன்னாங்க. டிஎஸ்எச் மருந்து அளவு ஏத்தாமயே 4க்கு வந்துருச்சு, நேரம் மாத்தினது மட்டும்தான்.

எச்பி பன்னெண்டு வந்ததும் அயர்ன நிறுத்திரலாமாங்க?

நுண்ணோக்கி:

ரொம்ப சந்தோஷம் சகோதரி. நிறுத்தாதீங்க. பி12 குடுத்ததும் மஜ்ஜை வேகமா அணு உண்டாக்கும், இருக்கற இரும்பையெல்லாம் அது இழுத்துக்கும், எச்பி நல்லா தெரியும்போதே ஃபெரிட்டின் காலியாத்தான் இருக்கும். எச்பி நார்மல் ஆன அப்புறமும் கையிருப்பு நிரம்ப மூணு மாசம் பக்கம் போடச் சொல்லுவாங்க, ஃபெரிட்டின் திரும்பப் பாத்துட்டு டாக்டர் நிறுத்தட்டும். மெட்ஃபார்மின் ஓடற வரைக்கும் பி12 வருஷத்துக்கு ஒருதடவ பாருங்க. அந்த ரெண்டு பேரு டெஸ்ட் எடுக்கும்போது எச்பி மட்டும் எடுக்காம முழு ரத்த அணு டெஸ்ட்டா எடுக்கச் சொல்லுங்க, எம்சிவி ஆர்டிடபிள்யூ வந்ததும் இங்கயே போடுங்க, பாத்துச் சொல்றேன்.